கோணல் காலர்கள்

வினிட்சா, 1983 செப்டம்பர் 19

மெத்தோடி,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அன்பு இருக்கிறது. இன்றைக்கு அதை எழுதத்தான் கை வரவில்லை.

காலையில் சட்டை ஆலை வாசல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். காலர் வரிசையில் தைக்கும் அத்தனை பெண்களும் நவம்பரில் தலைநகர் ஸ்கோப்யேவுக்குப் பயிற்சிக்கு வர வேண்டுமாம். எட்டு வாரமாம், முடிவில் தேர்வாம். தேறாதவர்களைத் தையலிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் பிரிவில் போட்டுவிடுவார்களாம். கீழே தலைமை அலுவலகப் பயிற்சிப் பிரிவின் முத்திரை, அதற்கும் கீழே உன் கையெழுத்து. எனக்கு அதை யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆனாலும் வங்கெலியா வாசித்துக் காட்டினாள், கூடத்துக்கே கேட்கும்படி.

"பாருங்கடி, நம்ம ரூஷாவோட வீட்டுக்காரரு நமக்குக் காலர் தைக்கச் சொல்லிக் குடுக்கப் போறாராம். அவரு கல்யாணத்துக்குப் போட்டுட்டு நின்னாரே சட்டை, அதுல காலர் தைச்சது யாருன்னு கேளுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஸ்டோய்னா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் பால் மறக்காத குழந்தை இருக்கிறது. எட்டு வாரம் அதை யாரிடம் விட்டு வருவாள்? பெட்டி கட்டும் பிரிவுக்குப் போனால் சம்பளமும் குறையும், பெயரும் போகும். இந்த ஊரில் காலர் வரிசை என்றால் தனி மரியாதை என்பது உனக்குத் தெரியாதா?

காலர் முனைகள் கோணலாக வருவது உண்மைதான். வசந்தத்திலிருந்தே அப்படித்தான். ஒரு முனை கூராக இருந்தால் மறுமுனை மழுங்கிக் கிடக்கிறது. நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த வரிசைக்குத் தலைவி நான். முத்திரை குத்துவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? இயக்குநர் அறைக்குத் தொலைபேசி செய்து என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம்.

ஊரில் எல்லார் வீட்டு முற்றத்திலும் குடைமிளகாய் சுடும் புகை. காபித்தூளைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிறது. மின்சாரம் முறை வைத்து நிறுத்துகிறார்கள். நம் இயக்குநர் கிர்கோவ், "காபியே இல்லாதப்ப காபி நேரம் எதுக்கு?" என்று ஆலையில் பத்து மணிக்கு அடிக்கும் மணியையே ஏப்ரலில் நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? இன்னும் அப்படியேதான்.

உன் போன கடிதத்தில், நமக்குக் கிடைக்கும் என்று நீ காத்திருக்கும் அந்த மூன்றாம் மாடி வீட்டில் லிப்ட் இருக்கிறது, குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். வெந்நீரைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

ரூஷா

* * *

ஸ்கோப்யே, செப்டம்பர் 23

என் ரூஷா,

அடித்துவிட்ட 'அன்புள்ள'வை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாசித்துவிட்டேன். அது போதும் எனக்கு.

நீ திட்டியது நியாயம். உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நடந்ததையும் கேள். ரயில்வே ஊழியர் சட்டைகள் வண்டி வண்டியாகத் திரும்பி வந்தன. என் மேலதிகாரி ஆர்சோவ் ஒரு காலரை என் மேசையில் போட்டு, "இதுங்களுக்குத் தைக்கவே மறந்துபோச்சு. ஒரு பாடத்திட்டம் போடு, சீக்கிரம்" என்றார். போட்டேன். நூலிழை வகைகள், ஊசி வகைகள், முனை திருப்பும் முறை, தரம் என்றால் என்ன என்று நன்றாகத்தான் வந்தது. ஆர்சோவ் தோளில் தட்டினார். இந்தப் பயிற்சி நடந்து முடிந்தால் என் வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானால் அந்த வீடு நமக்கு. இரண்டு வருடமாக எதற்காகப் பிரிந்து கிடக்கிறோமோ அது.

உன் பெண்களைக் கெடுக்க நினைத்துப் போட்ட கையெழுத்து இல்லை அது. நம்மை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரப் போட்டது.

ஆனாலும் உன் கடிதத்துக்குப் பிறகு மனசு சரியில்லை. எனக்காக ஒன்று செய். ஒருநாள் காலை வேலை தொடங்கும்போது ஒவ்வொருத்தியிடமும் ஒரே ஒரு காலர் கொடுத்து, 'உன்னால் முடிந்தவரை நன்றாகத் தைத்துக் காட்டு' என்று சொல். அவசரப்படுத்தாதே. என்ன வருகிறது என்று எனக்கு எழுது.

என் வாடகை அறையின் வீட்டுக்காரம்மா இப்போது வெந்நீருக்கும் நேரம் குறித்துவிட்டாள். அதனால்தான் உனக்கு வெந்நீர் வெந்நீர் என்று எழுதுகிறேன் போலிருக்கிறது.

உன் மெத்தோடி

* * *

வினிட்சா, செப்டம்பர் 29

மெத்தோடி,

நீ சொன்னதைச் செய்தேன். மானம் போயிற்று.

வங்கெலியா துணியைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "என்னடி இது, பொண்ணு பாக்க வந்த இடத்துல பாடச் சொல்ற மாதிரி?" என்றாள். பிறகு தைத்தாள். முனையை வைத்துக் கடிதம் பிரிக்கலாம், அத்தனை கூர். என் மடியில் வீசிவிட்டு, "அனுப்பு உன் புருஷனுக்கு. பிரேம் போட்டு மாட்டிக்கச் சொல்லு" என்றாள். அதைத்தான் இந்த உறையில் வைத்திருக்கிறேன்.

ஸ்டோய்னா தைத்ததும் அப்படித்தான். வரிசையில் ஒருத்திகூடத் தப்பாகத் தைக்கவில்லை. கருநீலத் துணியிலும் சரி, வெள்ளைத் துணியிலும் சரி.

அதே பெண்கள், அதே நாள், வேலை முடியும் நேரத்தில் ஒரு கூடை நிறையக் கோணல் காலர் கொடுத்தார்கள். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம்கூட வரவில்லை, பயமாக இருந்தது. வேண்டுமென்றே செய்கிறார்களோ என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு ஸ்டோய்னாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் கூடையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். வேண்டுமென்று செய்கிறவள் அழ மாட்டாள்.

நீதானே படித்தவன், சொல். இது என்ன?

ரூஷா

* * *

ஸ்கோப்யே, அக்டோபர் 3

ரூஷா,

வங்கெலியாவின் காலரை மேசை விளக்கடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. என் பாடத்திட்டத்தில் முதல் மூன்று வாரம் இதைத் தைக்கத்தான் சொல்லிக் கொடுப்பதாக இருந்தேன்.

அவர்களுக்குத் தெரிகிறது. தெரிந்ததை எட்டு வாரம் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும்? திரும்பி வந்து மறுபடியும் அதே கூடையை நிரப்புவார்கள். காய்ச்சலா கால்வலியா என்று கேட்காமலே எல்லோருக்கும் ஒரே கஷாயத்தை ஊற்றுகிறவன் மாதிரி இருந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு ஊற்றினேனோ.

இதை ஆர்சோவிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். "பயிற்சி வேணுமா வேணாமான்னு நாமளே கேட்டுக்கிட்டு இருந்தா, அப்புறம் பயிற்சிப் பிரிவு வேணுமா வேணாமான்னு மேல இருக்கறவன் கேப்பான். வாய மூடிட்டு வேலையப் பாரு தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தைக்கத் தெரிகிறது, தைக்க மனசும் இருக்கிறது. அப்படியென்றால் நடுவில் எதுவோ குறுக்கே நிற்கிறது. இங்கிருந்து என்னால் அதைப் பார்க்க முடியாது, நீதான் பார்க்க வேண்டும். எந்த நேரத்தில் கோணுகிறது? எந்தத் துணியில்? யார் கையில்? வசந்தத்துக்கு முன்னால் இருந்தது எது இப்போது இல்லை? 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிடாதே. தினமும் பார்க்கிற இடத்தில்தான் கண் ஏமாறும். ஒரு நாள் நீ தைக்காமல் சும்மா நின்று பார்.

குளிர் தொடங்கிவிட்டது. நீ பின்னிய கம்பளிச் சட்டையின் முழங்கை கிழிந்துவிட்டது. நானே தைத்தேன், பார்த்தால் நீ என்னைத்தான் பயிற்சிக்கு அனுப்புவாய்.

மெத்தோடி

* * *

வினிட்சா, அக்டோபர் 13

அன்புள்ள மெத்தோடி,

பதில் தாமதம் என்று கவலைப்பட்டிருப்பாய். கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்த அன்றே எழுதவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ சொன்னபடி ஒருநாள் சும்மா நின்றேன். "தலைவிக்கு இன்னிக்கு முதுகுவலி" என்று கிண்டல் செய்தார்கள், செய்யட்டும். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கியபோது எல்லாக் காலரும் நேராக வந்தது. பத்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கோண ஆரம்பித்தது. ஆனால் எல்லாமே இல்லை. வெள்ளைக் காலர் இரண்டு மணிக்கு வேலை முடியும்வரை நேர்தான், கருநீலம்தான் கோணியது. அதுவும் கருநீலத் துணியில் கருநீல நூல், கூடத்து விளக்கிலோ பாதியைக் கழற்றிவிட்டார்கள். தைத்த கோடு எங்கே என்று கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

சரி, கருநீலம் போன வருடமும் தைத்தோமே, அப்போது ஏன் கோணவில்லை என்று யோசித்தேன். பிடிபடவில்லை. ஸ்டோய்னா பக்கத்தில் போய் நின்றேன். கண்ணிலிருந்து நீர் வடிகிறது, துடைக்கிறாள், தைக்கிறாள்.

"ஏன்டி, காலையிலேருந்து இந்த மெஷின்லயேவா இருக்க?"

"வேற எங்க இருக்கறது? நீல நூலு இதுலதான கோத்திருக்கு."

"போன வருஷம் பாதி நாள் நீ வெள்ளை மெஷின்லதான உக்காந்திருப்ப?"

"அது காபிக்கு எழுந்து போய்ட்டு வந்தப்புறம். இப்பதான் யாரும் எழுந்துக்கறதே இல்லையே அக்கா."

கேள், மெத்தோடி. அவள் சொன்ன பிறகுதான் எனக்கே நினைவு வந்தது. பத்து மணி அடிக்கும். எல்லோரும் ஒன்றாக எழுந்து போவோம். காபி குடிப்போம், குறி பார்க்கக் கோப்பையைக் கவிழ்ப்போம், வங்கெலியா அதில் படிந்த வண்டலைப் பார்த்து யாருக்காவது மாப்பிள்ளை சொல்வாள். திரும்பி வரும்போது அதுவரை நீலத்தில் இருந்தவர்கள் வெள்ளைக்கும், வெள்ளையில் இருந்தவர்கள் நீலத்துக்கும் மாறி உட்காருவோம். யாரும் சொன்னதில்லை, எந்த விதியும் கிடையாது. கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது என்று வீட்டில் யாராவது பேசி வைத்துக்கொள்கிறார்களா, அந்த மாதிரி. சாப்பாட்டுக்கு இரண்டிரண்டு பேராகத்தான் போவோம், மெஷின் நிற்கக் கூடாது என்பதால். எல்லோரும் சேர்ந்து எழுந்தது காபிக்கு மட்டும்தான். கிர்கோவ் மணியை நிறுத்தினார், நாங்கள் எழுந்திருப்பதை நிறுத்தினோம். மாறி உட்காருவது தானாகவே நின்றுபோயிற்று, நீலத்தில் களைத்த கண்ணுக்குக் கிடைத்த ஓய்வும் போயிற்று. தலைவி நான், எனக்குக்கூட அது நின்றது தெரியவில்லை.

சந்தேகம் தீர, மறுநாள் பத்து மணிக்கு ஸ்டோய்னாவையும் பக்கத்து மெஷின்காரியையும் மட்டும் மாற்றி உட்காரவைத்தேன். அந்த இரண்டு கூடையிலும் கோணலே இல்லை.

இதுதான் விஷயம். இதை எழுதாமல் ஏன் வைத்திருந்தேன் என்று கேள். இதை எழுதினால் பயிற்சி வேண்டாம் என்று ஆகும். பயிற்சி இல்லையென்றால் உன் வேலை நிரந்தரமாகாது, வீடும் இல்லை. எனக்கு அந்த வீட்டின் மேல் ஆசையில்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நீ எழுதிய ஜன்னல் அளவை வைத்து நான் திரைச்சீலை தைத்து முடித்துவிட்டேன். பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்தேன், பிறகு ஸ்டோய்னாவின் கண்ணை நினைத்துக்கொண்டேன். பிறகு மறுபடியும் திரைச்சீலை.

எழுதிவிட்டேன். இனி என்ன செய்வாயோ அது உன் மனசு. எதைச் செய்தாலும் நான் குத்திக்காட்ட மாட்டேன்.

ரூஷா

* * *

ஸ்கோப்யே, அக்டோபர் 17

என் ரூஷா,

திரைச்சீலை என்ற இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன். ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பினேன். அழுதேன் என்று எழுதினால் வங்கெலியாவிடம் சொல்லிவிடாதே.

கிர்கோவிடம் போ. ஒரு வாரத்துக்கு மட்டும் மணி அடிக்கச் சொல். காபி வேண்டாம், எழுந்து நிற்க நேரம் கொடுத்தால் போதும். ஒரு வாரக் கூடையை எண்ணிப் பார்த்து எழுது. வெறும் வாயால் சொன்னால் ஆர்சோவ் என்னை ஊதித் தள்ளிவிடுவார்.

என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பொய். முடிவு செய்துவிட்டேன், பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்த இரண்டு வருடமும் நீ ஏன் ஸ்கோப்யேவுக்குத் திரும்பி வரவில்லை என்பதற்கு நானே ஒரு பதில் வைத்திருந்தேன். வாடகை அறை பிடிக்கவில்லை, வீட்டுக்காரம்மாவைப் பிடிக்கவில்லை, சொந்த வீடு கிடைத்தால் வருவாள் என்று. லிப்டைப் பற்றியும் வெந்நீரைப் பற்றியும் உனக்குப் பாடம் நடத்திக்கொண்டே இருந்தேன். உன்னிடம் கேட்கவேயில்லை. இப்போது கேட்கிறேன். நீ ஏன் வரவில்லை?

மெத்தோடி

* * *

வினிட்சா, அக்டோபர் 28

அன்புள்ள மெத்தோடி,

முதலில் கிர்கோவ் கதை. வேலை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நேராக அவர் அறைக்குப் போனேன்.

"தோழர் இயக்குநரே, பத்து மணி மணிய மறுபடி அடிக்கணும்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "காபி வந்துருச்சா?"

"வரல."

"அப்ப மணி எதுக்கும்மா?"

"எழுந்துக்க."

"எழுந்து?"

"மறுபடி உக்கார."

"இது சட்டை ஆலையா, உடற்பயிற்சிப் பள்ளியா?"

"அதெல்லாம் தெரியாது. ஒரு வாரம் குடுங்க. ரயில்வே சட்டை ஒண்ணு திரும்பி வந்தாலும் நானே பெட்டி கட்டப் போயிடறேன்."

திரும்பி வரும் சட்டை என்றதும் அவர் ஒரு வாரத்துக்கு ஒப்புக்கொண்டார். மணி அடித்தது. முதல் நாள் எல்லோரும் எழுந்து போய், கையில் கோப்பை இல்லாமல், எங்கே வைப்பது இந்தக் கையை என்று தெரியாமல் நின்றோம். மறுநாள் வங்கெலியா லிண்டன் மரத்துப் பூ கொண்டுவந்து தேநீர் மாதிரி கொதிக்கவைத்தாள். அதில் கோப்பை கவிழ்க்க வண்டல் இல்லை. அதற்காக அவள் விட்டாளா? ஸ்டோய்னாவுக்கு இன்னொரு குழந்தை என்று சொல்லிவிட்டாள். ஸ்டோய்னா அடிக்க வந்தாள். திரும்பிப் போய் மாறி உட்கார்ந்தோம். இந்த ஒரு வாரத்தில் கழித்துப் போட்ட காலர்கள் ஒரு கூடையின் அடியைக்கூட மூடவில்லை. கிர்கோவே கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், இத்துடன் வைத்திருக்கிறேன். 'என் யோசனையின்படி' என்று ஆரம்பித்திருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது உன் கேள்வி.

கல்யாணமான புதிதில் அந்த அறையில் உன்னோடு இருந்தேனே, அப்போது காலையில் நீ போய்விடுவாய். நான் ஜன்னலில் நிற்பேன். சாயங்காலம் வந்து, எந்தக் கடையில் வரிசை சிறியது, எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், வீட்டுக்காரம்மாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுப்பாய். நல்ல மனசோடுதான் சொல்லிக் கொடுத்தாய். எனக்கு வேண்டியிருந்தது அதுவல்ல. எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, மெத்தோடி. பதினேழு வயதிலிருந்து தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். ஒரு கூடம் நிறையப் பெண்கள் 'என்னடி ரூஷா, தூங்கினியா' என்று கேட்டு விடிந்த காலைகள் என்னுடையவை. ஸ்கோப்யேவில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட உன்னைத் தவிர ஆளில்லை. நீயும் களைத்துப்போய் வருவாய். அங்கே இருந்தால் உன்னையே வெறுத்துவிடுவேனோ என்று பயந்துதான் திரும்பி வந்தேன். வீடு இல்லாததால் இல்லை.

திரைச்சீலை தைத்தது பொய்யில்லை. வீடு வேண்டும் என்பதும் பொய்யில்லை. ஆனால் லிப்ட் வைத்த வீட்டிலும் காலையில் நான் ஜன்னலில்தான் நின்றிருப்பேன்.

எழுதிவிட்டேன். மனசு லேசாகிவிட்டது. உனக்குக் கனத்திருக்கும், மன்னித்துக்கொள்.

உன் ரூஷா

* * *

ஸ்கோப்யே, நவம்பர் 3

என் ரூஷா,

பயிற்சி ரத்து. பலகையிலிருந்து அந்தத் தாளை இந்நேரம் கிழித்திருப்பார்கள். ஸ்டோய்னாவிடம் நீயே சொல், என் கையெழுத்துக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன் என்றும் சொல்.

ஆர்சோவ் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கிர்கோவ் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை வாசித்தார். "ஆக, ஒரு மணி அடிச்சா சரியாப் போற விஷயத்துக்கு எட்டு வாரப் பாடம் போட்டு வச்சிருந்திருக்கோம்" என்றார். "போட்டது நான்தான்" என்றேன். "கிழிச்சதும் நீதான" என்றார். பிறகு பாடத்திட்டத்தின் மேல் 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிரந்தர வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. வீடும் அவருக்குத்தான். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், முழுசாக முடியவில்லை. அந்தத் தெருவழியே போவதில்லை இப்போது.

நீ எழுதியதைப் பற்றி. முதலில் வலித்தது. என்னை வெறுத்துவிடுவாயோ என்று பயந்து ஓடினாய் என்றால், அதை நான் பார்க்கவேயில்லை என்றால், எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்? அதற்குப் பிறகு வெட்கமாக இருந்தது. அதற்கும் பிறகு, உண்மையைச் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது. இரண்டு வருடமாக எனக்கு எட்டாத ஒரு வீட்டைத் துரத்திக்கொண்டிருந்தேன். நீ கேட்பது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

உடனே விசாரித்தேன். இங்கே எங்கள் சட்டை ஆலையில் ஒரு வரிசைக்குத் தலைவி இல்லை. உன்னைக் கேட்டால் எடுத்துக்கொள்வார்கள். வாடகை அறைதான், அதே வீட்டுக்காரம்மாதான். வினிட்சாவில் கிடங்குக் கணக்கர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. சம்பளம் குறைவு, நான் வரலாம். பழைய மெத்தோடி என்றால் இந்நேரம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, அது உனக்கு ஏன் நல்லது என்று பத்துப் பக்கம் எழுதியிருப்பான். நான் எதற்கும் போடவில்லை. எது வேண்டும் என்று உன்னிடம் கேட்கிறேன். நீ எதைச் சொன்னாலும் அதன்படி நடக்கிறேன்.

மெத்தோடி

* * *

வினிட்சா, நவம்பர் 8

அன்புள்ள மெத்தோடி,

தாளைக் கிழித்தது ஸ்டோய்னா. கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "அண்ணன்கிட்ட சொல்லு, நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலன்னு" என்றாள். வங்கெலியா மட்டும் நீ நேரில் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் ஏற்பாளாம். பிளம் சாராயத்தோடு.

உன் கேள்வியைச் சமையலறையில் உட்கார்ந்து திரும்பத் திரும்ப வாசித்தேன். 'எது வேண்டும்' என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காதபோது பதில் தயாராக இருப்பதுபோல் இருந்தது, கேட்டதும் ஒன்றையும் காணோம். ஸ்கோப்யே வரிசைத் தலைவி என்று நினைத்தால் ஆசையாகத்தான் இருக்கிறது. உன்னைக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவில் நினைத்தால் பாவமாக இருக்கிறது. இங்கே இந்தப் பெண்களை விட்டுப் போவதை நினைத்தால் அழுகை வருகிறது. எதை நீ இழக்கலாம், எதை நான் இழக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

நம்மைப் பார். நான் கோபப்பட்டால் நான்கு நாள் கழித்து நீ வருத்தப்படுகிறாய். நீ அழுதால் நான்கு நாள் கழித்து நான் கண்ணைத் துடைக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் கடிதத்தில் பதில் எழுதப் போவதில்லை.

சனிக்கிழமை பேருந்தில் வா. எந்த விண்ணப்பமும் எடுத்து வராதே. எதிரில் உட்கார்ந்து கேள். நான் ஒன்று சொல்வேன், உடனே மாற்றிச் சொல்வேன், நீ அதைப் பார்த்துக்கொண்டிரு. எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும்.

உன் ரூஷா